மட்டக்களப்பு வளவில் ரோயல் காலா ஏன் காய்ப்பதில்லை?

மட்டக்களப்புச் சந்தையிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ சிவப்பு அப்பிள் வாங்கினால், தோலில் சிறு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். அதில் 4173 அல்லது 4174 என்ற எண் இருந்தால் கையில் இருப்பது ரோயல் காலா. முன்னது சிறிய பழத்துக்கு, பின்னது பெரிய பழத்துக்கு. பச்சை அப்பிளில் 4017 என்று இருந்தால் அது கிரானி ஸ்மித். கடைக்காரர்கள் 'நியூசிலாந்து அப்பிள்', 'சீன அப்பிள்' என்று நாட்டின் பெயரைச் சொல்லித்தான் விற்கிறார்கள். சுவையைப் பொறுத்தவரை நாட்டை விட இனத்தின் பங்கே பெரிது என்பதால், ஸ்டிக்கரை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குவது நல்ல பழக்கம்.

பழத்தைத் தின்று முடித்து விதையை வளவில் போட்டவர்கள் நம்மில் பலர் உண்டு. சில வேளை அது முளைத்தும் விடுகிறது. இரண்டு இலை விட்டதும் அடுத்த கேள்வி பிறக்கிறது: இது காய்க்குமா? ரோயல் காலா காய்க்காது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. அந்தக் கன்று ரோயல் காலாவே அல்ல என்பது முதலாவது. அசல் ரோயல் காலாக் கன்றையே கொண்டுவந்து நட்டாலும் நமது காலநிலையில் அது ஒழுங்காகப் பூக்காது என்பது இரண்டாவது. 'இனம்' என்று தோட்டக்காரர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது விளங்கினால் இரண்டு காரணங்களும் விளங்கிவிடும்.

ஒரே மரத்தின் பிரதிகள்

பெரும்பாலான அப்பிள் இனங்கள் தமது மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. காலாவின் மகரந்தம் காலாவின் பூவிலேயே விழுந்தால், மகரந்தக் குழாய் தம்பத்தின் வழியே இறங்கும்போதே தடுக்கப்பட்டுவிடும். மரபணு வேறுபட்ட இன்னோர் இனத்தின் மகரந்தம் வந்தால்தான் கருக்கட்டல் நடக்கும். ஆகவே காலாப் பழத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு விதைக்கும் தாய் காலா. தந்தை, பக்கத்து வரிசையில் நின்ற ஏதோ ஒரு மரம். ஒரே பழத்தின் விதைகளை முளைக்க வைத்தாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு மரமாகும். பெரும்பாலானவை சிறிய, புளித்த, சப்பென்ற பழங்களையே தரும். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்றுதான் பெயர் வைக்கும் தகுதியைப் பெறுகிறது.

அப்படித் தகுதி பெற்ற அந்த ஒற்றை மரத்தின் கிளைகளை வெட்டி, வேறு செடிகளின் வேர்ப்பகுதியான வேர்க்கட்டைகளில் ஒட்டிப் பெருக்குவதால் கிடைக்கும் மரங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் ஓர் இனம் என்கிறோம். இது நமக்குப் புதிய செய்தி அல்ல. நல்ல மாமரம் வேண்டுமென்றால் கொட்டையை நம்பாமல் ஒட்டுக்கன்றைத் தேடிப் போகிறோமே, அதே கணக்கு. நியூசிலாந்திலும் சீனாவிலும் இத்தாலியிலும் நிற்கும் இலட்சக்கணக்கான காலா மரங்கள் யாவும், நீட்டிக்கப்பட்ட ஒரே மரம் என்றே சொல்லலாம்.

அந்த ஒரு மரம் பிறந்த இடம் நியூசிலாந்தின் வடதீவில் உள்ள கிரேடவுன் என்ற சிற்றூர். ஜே. எச். கிட் என்ற பழத்தோட்டக்காரர் அங்கே ஓய்வின்றி இனக்கலப்புச் செய்துகொண்டிருந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கொக்ஸ் ஒரேஞ்ச் பிப்பின் இனத்தின் வாசமும், அமெரிக்காவின் டெலிசியஸ் இனத்தின் நிறமும் இனிப்பும் ஒரே பழத்தில் வரவேண்டும் என்பது அவருடைய ஆசை. 1920களில் அவ்விரண்டையும் கலந்து 'கிட்ஸ் ஒரேஞ்ச் ரெட்' என்ற இனத்தைப் பெற்றார். 1930களில் அதனைக் கோல்டன் டெலிசியஸ் இனத்தோடு கலந்தார். அந்தக் கலப்பில் வந்த நாற்றுகளில் ஒன்றுதான் காலா. 1960களில்தான் அது பெயர் பெற்றுத் தோட்டங்களுக்குப் போனது. கிட் அதற்கு முன்பே, 1945இல் காலமாகிவிட்டார். பழ இனம் ஒன்றை உருவாக்குபவர்களுக்கு அவசரக் குணம் உதவாது.

அப்படியானால் 'ரோயல்' எங்கிருந்து வந்தது? காலா மரம் ஒன்றில், ஒரு கிளையின் பழங்கள் மட்டும் மற்றக் கிளைகளை விடச் சிவந்திருப்பதை 1970களில் நியூசிலாந்தின் மாட்டமாட்டா ஊரில் ஒரு விவசாயி கவனித்தார். ஒரு மொட்டின் கலங்களில் தற்செயலாக நிகழ்ந்த விகாரம், அதாவது மரபணு மாற்றம் அது. அந்தக் கிளையை வெட்டி ஒட்டியபோது சிவப்பு நிலைத்தது. அதுவே ரோயல் காலா. பின்னர் அதைவிடச் சிவந்த பல விகாரங்களும் கண்டெடுக்கப்பட்டுக் காலா என்ற பெயரிலேயே சந்தைக்கு வருகின்றன. சிவப்புக்காகவே இவ்வளவு போட்டி என்பது எனக்குச் சற்று எரிச்சலான விஷயம். வாங்குபவர் கண்ணால் வாங்குகிறார், விற்பவர் அதற்கேற்ப மரத்தைத் தேர்கிறார். நாவைக் கேட்பவர் யாரும் இல்லை.

கையில் எடுத்துப் பார்த்தால்

காலா நடுத்தர அளவான, மேற்புறம் சற்று அகன்று அடிப்புறம் ஒடுங்கிய பழம். மஞ்சள் அடிநிறத்தின் மேல் சிவப்புக் கோடுகள் ஓடும். ரோயல் காலாவில் கோடுகள் அடர்த்தியாகிப் பழத்தின் பெரும்பகுதியை மூடிவிடும். தோல் மெல்லியது. சதை வெளிர்மஞ்சளாக, மொறுமொறுப்பாக, சாறு நிறைந்து இருக்கும். இனிப்பு முன்னால் நிற்கும், புளிப்பு மெல்லத் தலைகாட்டும், வாசம் உண்டு. சமைக்காமல் அப்படியே கடித்து உண்ண ஏற்ற இனம் இது. இங்கிலாந்தில் சமையலுக்கென்றே பிரம்லி போன்ற கடும் புளிப்பு இனங்களைத் தனியாக வளர்க்கிறார்கள். மாங்காயை உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டுத் தின்று பழகிய நமது நாவுக்கு, காலாவை விடக் கிரானி ஸ்மித்தே நெருக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

வாங்கும்போது சிவப்பைப் பார்க்காதீர்கள். சிவப்புக் கோடுகளுக்கு இடையே தெரியும் அடிநிறத்தைப் பாருங்கள். அது பச்சையாக இருந்தால் முந்திப் பறித்த பழம். வெண்ணெய் போன்ற இளமஞ்சள் என்றால் சரியான பருவம். கடும் மஞ்சளாகி, தோல் வழுவழுப்பாக எண்ணெய் பூசியதுபோல் தோன்றினால் பழம் முதிர்ந்துவிட்டது, உள்ளே மாவாகியிருக்கும்.

நியூசிலாந்தில் காலாவைப் பறிப்பது பெப்ரவரியிலும் மார்ச்சிலும். வட அரைக்கோள நாடுகளில் ஓகஸ்ட், செப்டெம்பர். அதற்கு வெளியே கிடைக்கும் காலா எல்லாம் களஞ்சியத்தில் உறங்கி எழுந்து வந்தவை. களஞ்சியம் என்பது வெறும் குளிரறை அல்ல. சாதாரண காற்றில் 21 சதவீதம் இருக்கும் ஒட்சிசனை அங்கே 1 முதல் 3 சதவீதம் வரை குறைத்து, வெப்பநிலையைச் சுமார் 0 அல்லது 1 பாகை செல்சியஸில் வைத்திருப்பார்கள். மூச்சுவிடும் வேகம் குறைவதால் பழம் மாதக்கணக்கில் முதுமையடையாமல் நிற்கிறது. அந்தச் சூழலிலிருந்து வெளியே வந்து, கல்லடிப் பக்கத்துக் கடை ஒன்றில் 30 பாகை வெயிலில் அடுக்கி வைக்கப்பட்டால், நின்றிருந்த முதுமை ஒன்றாகச் சேர்ந்து வருகிறது. வீட்டுக்குக் கொண்டு வந்த கையோடு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கதலி வாழைப்பழத்தோடு ஒரே தட்டில் வைக்க வேண்டாம். அப்பிளிலிருந்து வெளிவரும் எதிலீன் வாயு வாழைப்பழத்தை விரைவில் கனியவைத்துக் கறுக்கச் செய்யும்.

விதை முளைத்த இரகசியமும் இந்தக் குளிரறையில்தான் இருக்கிறது. அப்பிள் விதை பறித்த உடனே முளைக்காது. ஈரத்தோடும் குளிரோடும் இரண்டு மூன்று மாதங்கள் கிடந்த பிறகே அதன் உறக்கம் கலையும். காட்டில் அது பனிக்காலத்தில் மண்ணுக்குள் நடக்கும் வேலை. நாம் வாங்கும் பழத்தில், களஞ்சியமும் கப்பல் கொள்கலனும் அந்தப் பனிக்காலத்தைப் பழத்துக்குள்ளேயே நடத்தி முடித்துவிடுகின்றன. அதனால் விதை சில வேளை மட்டக்களப்பு மண்ணில் முளைக்கிறது. ஆனால் வளர்ந்த மரத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே குளிர் வேண்டும். அதை யார் கொடுப்பது?

சொந்த ஊரில் அதன் வளர்ப்பு

குளிரைப் பற்றிப் பேசுமுன், காலாவை வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். முதல் முடிவு வேர்க்கட்டை பற்றியது. மரம் எவ்வளவு உயரம் வளரும், எத்தனை ஆண்டில் காய்க்கும் என்பதைப் பெருமளவுக்குத் தீர்மானிப்பது மேலே ஒட்டிய இனம் அல்ல, கீழே இருக்கும் வேர். இங்கிலாந்தின் கென்ற் மாவட்டத்தில் உள்ள ஈஸ்ற் மோலிங் ஆய்வு நிலையம் இந்த வேர்க்கட்டைகளை ஒழுங்குபடுத்தி எண்ணிட்டது. எம் 9 என்ற வேரில் ஒட்டினால் மரம் ஏறக்குறைய மூன்று மீற்றருக்குள் குட்டையாக நின்று, இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். வேர் பலவீனமானது என்பதால் ஆயுள் முழுவதும் கம்போ கம்பியோ தாங்கவேண்டும். எம்.எம் 106 அதைவிடச் சற்று உயரமான, சொந்தக் காலில் நிற்கும் மரத்தைத் தரும். வேர்களைத் தாக்கும் கம்பளி அழுக்கணவன் என்ற பூச்சியையும் அது எதிர்த்து நிற்கும். நடும்போது ஒட்டு இடம் மண்ணுக்கு மேலே தெரியவேண்டும். புதைந்துவிட்டால் மேலே உள்ள இனம் தானே வேர் விட்டு, குட்டை வேரின் கட்டுப்பாட்டை உதறிவிட்டுப் பெருமரமாகிவிடும்.

பக்கத்தில் அதே காலத்தில் பூக்கும் வேறு இனம் ஒன்று நிற்கவேண்டும். பூக்கும் வாரங்களில் தேனீப் பெட்டிகளைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்து வைப்பார்கள்.

பிறகு வருவது, நம்மூர்க் கண்ணுக்குக் கொடுமையாகத் தோன்றும் வேலை. அப்பிள் ஒரு கொத்தில் ஐந்தாறு பூக்கள் பூக்கும். நடுப்பூவே முதலில் விரியும். கொத்துக்கு ஒன்றோ இரண்டோ பிஞ்சை விட்டுவிட்டு மிச்சத்தைக் கிள்ளி எறிந்துவிடுவார்கள். காலா மிகுதியாகக் காய்க்கும் இனம் என்பதால், அப்படிச் செய்யாவிட்டால் பழங்கள் எலுமிச்சை அளவோடு நின்றுவிடும். அதை விடப் பெரிய நட்டம் அடுத்த ஆண்டுக்கு. அடுத்த ஆண்டின் பூமொட்டுகள் இந்த ஆண்டுக் கோடையிலேயே உருவாகின்றன. இளம் விதைகளில் சுரக்கும் ஜிபரெலின் என்ற ஓமோன் அந்த மொட்டாக்கத்தைத் தடுக்கிறது. பிஞ்சுகள் கூடினால் விதைகளும் கூடும். அடுத்த ஆண்டு மரம் பேருக்குத்தான் பூக்கும்.

பூத்து ஏறக்குறைய நான்கு மாதங்களில் பழம் தயாராகும். எல்லாம் ஒரே நாளில் முதிராது. நிறம் வந்தவற்றை மட்டும் இரண்டு, மூன்று தடவைகளில் பறிப்பார்கள். பறிக்கும் நாளைத் தீர்மானிக்க எளிய சோதனை ஒன்று உண்டு: பழத்தைக் குறுக்கே வெட்டி அயடின் கரைசலில் தோய்த்தால், மாப்பொருள் இருக்கும் பகுதி கருநீலமாகும். சீனியாக மாறிய பகுதி வெண்மையாகவே இருக்கும். நடுவிலிருந்து வெண்மை பரவும் அளவைப் பார்த்து, நெடுங்காலம் சேமிக்கவா உடனே விற்கவா என்று முடிவு செய்வார்கள். பாடசாலையில் சோற்றுப் பருக்கையில் அயடின் விட்டுப் பார்த்த அதே சோதனைதான். பறிப்பது பிந்தினால் காம்படியில் தோல் வெடித்துவிடும்.

நோய்களில் காலாவுக்குப் பகை அதிகம். பங்கசினால் வரும் சொறிநோய், பூ வழியே நுழைந்து கிளை நுனிகளைக் கருக்கும் தீக்கருகல் என்ற பற்றீரியா நோய், பழத்தின் நடுவரை துளைத்துச் செல்லும் அந்துப்பூச்சிப் புழு ஆகியவை முக்கியமானவை.

குளிர் என்ற கணக்கு

அப்பிளின் காட்டு மூதாதை மத்திய ஆசியாவின் தியான் சான் மலைத்தொடரைச் சேர்ந்தது. இன்றும் கசகஸ்தானில் அந்தக் காடுகளின் மிச்சங்கள் இருக்கின்றன. கடும் பனிக்காலம் உள்ள அந்த மலைகளில், பனிக்காலத்தின் இடையே நான்கு நாள் வெயில் அடித்ததும் ஏமாந்து துளிர்க்கும் மரம் அடுத்த உறைபனியில் பூவை இழக்கும். அதனால் மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய், போதிய அளவு குளிரைக் கடந்த பின்னரே விழிக்கும் பழக்கம் அப்பிளுக்குள் ஊறிவிட்டது. மொட்டு குளிரை எண்ணி வைக்கிறது. பூச்சியத்துக்கும் சுமார் 7 பாகை செல்சியஸுக்கும் இடையே கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தக் கணக்கில் சேரும். பெரும்பாலான பழைய இனங்களுக்கு 800 முதல் 1,000 மணித்தியாலங்களுக்கு மேலேயே வேண்டும். காலா அவ்வளவு கேட்பதில்லை என்றாலும், அதற்கும் 500 மணித்தியாலங்களுக்குக் குறையாமல் வேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஒரு நிமிடமும் சூடேறாமல் ஏறக்குறைய 21 நாட்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருப்பதற்குச் சமம் அது.

மட்டக்களப்பில், மாரி மழையும் வாடைக்காற்றும் சேர்ந்த தை மாத இரவிலும் வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அம்பாறையிலும் அப்படித்தான். குளிர்க் கணக்கில் நமது வரவு பூச்சியம். நுவரெலியா எப்படி என்று கேட்பீர்கள். அங்கே சில தை, மாசி அதிகாலைகளில் புல்லில் உறைபனியே படியும். ஆனால் நண்பகலில் வெப்பம் 20 பாகையை எட்டிவிடும். பகல் வெப்பம் முந்திய இரவின் குளிர்க் கணக்கைக் குறைத்துவிடும். உண்டியலில் இரவு போட்ட காசைப் பகலில் எடுத்துவிடுவது போன்ற நிலை. நம்மிடம் உண்டியலே இல்லை.

குளிர் கிடைக்காத காலா மரம் உடனே செத்துவிடாது. இதுதான் பலரை ஏமாற்றுகிறது. மரம் நிற்கும், இலை விடும், சற்று வளரவும் செய்யும். ஆனால் பக்கமொட்டுகள் விழிக்காததால், நீண்ட வெறும் கிளையும் நுனியில் மட்டும் ஒரு கொத்து இலையுமாகத் தோற்றமளிக்கும். பூத்தாலும் ஒன்றிரண்டு பூக்கள் வெவ்வேறு மாதங்களில் தலைகாட்டும். அந்த நேரத்தில் மகரந்தம் தரப் பக்கத்து மரமும் பூத்திருக்கவேண்டுமே.

மண்ணும் முழு ஒத்துழைப்புத் தராது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் வயலடி மண்ணில் மாரியில் நீர் தேங்கி நிற்கும். அப்பிள் வேருக்கு அது அழுகலைக் கொண்டுவரும். கடலோரமான எழுவான்கரையின் மணலில் நீர் வடியும், ஆனால் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதங்களில் மணல் எதையும் பிடித்து வைக்காது. இவை உரத்தாலும் நீராலும் ஓரளவு சமாளிக்கக்கூடியவை. குளிரை அப்படிச் சமாளிக்க முடியாது.

முடியவே முடியாதா? இதற்கு இந்தோனேசியா ஒரு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறது. கிழக்கு ஜாவாவின் மலாங், பத்து பகுதிகள் பூமத்திய கோட்டிலிருந்து 8 பாகை அளவே தள்ளி இருக்கின்றன; நாமும் வடக்கே ஏறக்குறைய அதே தூரம்தான். அங்கே அப்பிள் ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகள் அத்தனையையும் கையால் உருவி எறிந்துவிடுகிறார்கள். மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போகுமுன்பே தட்டி எழுப்பும் உத்தி இது. இலையற்ற மரம் சில வாரங்களில் பூத்துவிடுகிறது. அந்தத் தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் இருப்பதையும், அங்கு வளர்ப்பது ரோம் பியூட்டி, மனலாகி, அன்னா போன்ற இனங்களையே என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். வாவிக்கரையில் இருந்துகொண்டு இலையை மட்டும் உருவினால் அதே பலன் வரும் என்று நான் நம்பமாட்டேன்.

குறைந்த குளிரில் காய்க்கும் இனங்களும் உண்டு. இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட அன்னாவுக்கு 200 முதல் 300 மணித்தியாலங்கள் போதும் என்பார்கள். பஹாமாஸ் தீவில் கண்டெடுக்கப்பட்ட டோர்செற் கோல்டன் அதற்குத் துணையாக நடப்படும் இனம். இரண்டும் ஒரே காலத்தில் பூக்கும். ஆர்வத்துக்காக வளவில் இரண்டு மரம் வைக்க விரும்புபவர் இவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். பழம் கிடைத்தால் மகிழ்ச்சி. கடன் வாங்கித் தோட்டம் போட இது பயிர் அல்ல.

கன்று வாங்குவதற்கு முன்

இணையத்திலும் கண்காட்சிகளிலும் 'இங்கே காய்க்கும் அப்பிள் கன்று' என்று படத்தோடு விற்கிறார்கள். விற்பவரிடம் முதலில் இனத்தின் பெயரைக் கேளுங்கள். 'சிவப்பு அப்பிள்' என்பது இனத்தின் பெயர் அல்ல. அடுத்து, தண்டின் அடிப்பகுதியில் ஒட்டிய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். தழும்பு இல்லாத கன்று விதையில் முளைத்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அப்படிப்பட்டது குளிர் நாட்டிலேயே காய்க்கப் பல ஆண்டுகள் எடுக்கும்.

அது அப்பிள்தானா என்பதை இலை சொல்லிவிடும். அப்பிள் இலை கிளையில் மாறி மாறி அமைந்திருக்கும். ஓரம் வாள்பல்லாக இருக்கும். அடிப்புறத்தில் மெல்லிய மயிர் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக, நீண்டு, பளபளப்பாக, ஓரம் வெட்டில்லாமல் இருந்தால் அது ஜம்பு. இலையின் அடியிலிருந்தே மூன்று நரம்புகள் பிரிந்து ஓட, அடிப்புறம் வெளுத்து, காம்படியில் முள்ளும் இருந்தால் அது இலந்தை. பெரிய காய் காய்க்கும் ஒட்டு இலந்தை சில இடங்களில் அப்பிள் என்ற பெயரோடு கைமாறுகிறது. இலந்தை என்று தெரிந்தே வாங்கினால் தவறில்லை. வறட்சியைத் தாங்கி நமது மணலில் நன்றாகவே காய்க்கும். அப்பிளின் விலையை மட்டும் கொடுக்கவேண்டாம்.